அறுபத்து நாலாம் பக்கத்தை அடுக்கியவன்

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய அப்பனுக்கு ஐந்தாவது பிள்ளையாக அருமனையில் பிறந்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்படிப்பட்டவன் குழித்துறையில் அச்சாபீஸ் போட்டு, காலால் மிதிக்கிற டிரெடில் மிஷின் மூன்றும் சிலிண்டர் மிஷின் ஒன்றும் சொந்தமாக வைத்து ஓட்டினேன். ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்தேன், ஓடு போட்டேன், ஓட்டைப் பிரித்து மாடி கட்டினேன். களியக்காவிளையிலிருந்து தக்கலை வரைக்கும் என் அச்சாபீசில் அடித்த கல்யாணப் பத்திரிகை போகாத வீடு இருந்தால் காட்டுங்கள். பள்ளிக்கூடங்களுக்குப் பரீட்சைக் கேள்வித்தாள் அடித்திருக்கிறேன். ஒரு கேள்வி என் வாசலைத் தாண்டிக் கசிந்தது கிடையாது. மூன்று பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், ஒருத்தி டீச்சர். என்னிடம் தொழில் படித்தவர்கள் இன்று பல ஊரில் முதலாளிகள். யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. ஈய எழுத்தைக் கோர்த்த இந்த இரண்டு கைதான்.

ஆனால் இதெல்லாம் பெரிய காரியம் இல்லை. நான் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. அது ஒரு பிள்ளைகள் புத்தகத்தின் கடைசிப் பக்கம்.

முன்பு என்னிடம் வேலை பார்த்த ஒருவன் போன மாதம் அந்தப் புத்தகத்தின் புதுப் பதிப்பைக் கொண்டுவந்து கையில் தந்தான். பளபளவென்று கம்ப்யூட்டரில் செய்த அட்டை. 'மணல் மைதானத்துப் பதினோரு பேர்.' பந்து விளையாடிக்கொண்டிருந்த கடற்கரைப் பையன்கள் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குப் போன கதை. எழுதியவர் மிக்கேல் வாத்தியார். அவர் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது. அட்டைப்படம் வரைந்தவர் பெயர் இருக்கிறது. கம்ப்யூட்டரில் எழுத்தடித்த பெண்பிள்ளை பெயர் இருக்கிறது. முன்னுரை ஒன்று இருக்கிறது. அதை எழுதியவர் பெரிய படிப்பு படித்தவராம். 'இறந்துபோன கோல்கீப்பரைக் கடைசிப் பக்கத்தில் மறுபடி ஆட்டத்துக்குக் கொண்டுவந்த ஆசிரியரின் துணிச்சலான உத்தி' என்று அரைப் பக்கத்துக்குப் புகழ்ந்திருக்கிறார்.

ஆசிரியரின் உத்தியாம்! அதைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த உத்தி யாருடையது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம் அச்சுத் தொழிலாளர் மலருக்கு அனுபவம் எழுதித் தாருங்கள் என்று இளையவர்கள் கேட்டதும் நல்லதாகப் போயிற்று.

நாடு விடுதலை ஆன மறு வருசம் குழித்துறையில் ஒரு அச்சாபீசில் சேர்ந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாலு வகுப்பும் மலையாளம். தமிழ் எழுத்தை நான் கற்றுக்கொண்டது ஈய அச்சில்தான். அதனால் இடம் வலம் மாறித்தான் கற்றேன். இன்றைக்கும் காகிதத்தில் உள்ளதைவிட அச்சுக்கட்டையில் உள்ளதை நான் வேகமாக வாசிப்பேன். வேண்டுமானால் பந்தயம் கட்டிப் பாருங்கள். முதல் வருசம் தரை கூட்டினேன், மை உருளை கழுவினேன். இரண்டாம் வருசம் அச்சடித்து முடிந்த எழுத்தைப் பிரித்துப் பெட்டி பெட்டியாகப் போட்டேன். மூன்றாம் வருசம் எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக்கு என் கைக்கு வந்தது. அவ்வளவுதான் என் படிப்பு.

என் மேலாள் பொன்னையா மேஸ்திரி. அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ஊர் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் 'அருமனை'. மிஷின் மிதிப்பவன் 'பளுகல்'. சத்தம் போட மாட்டார், கை ஓங்க மாட்டார். தப்பு கண்டால் அந்த வரியை இரண்டு விரலால் உருவி எடுத்து நம் கண்முன்னால் உடைந்த எழுத்துத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவார். அந்த 'சலக்' சத்தம் அடியைவிட மோசம்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. பக்கம் கோர்த்து முடிந்து, எழுத்து சிதறாமல் நூல் கட்டும்போதே பக்க எண்ணை அடியில் வைத்துவிட வேண்டும். 'நம்பர் முதல்ல' என்பார். நான் கெட்டிக்காரன் அல்லவா, அதில் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்திருந்தேன். எங்களிடம் எண் எழுத்துக் குறைவு. ஒரு தாள் அச்சாகி முடிந்தால்தான் அதிலுள்ள எண்ணை எடுத்து அடுத்த தாளுக்கு வைக்க முடியும். அதற்காகக் காத்திராமல் பக்கங்களை எண் இல்லாமலே கட்டிவைப்பேன். அச்சுக்கல்லில் அவற்றை அவற்றின் இடத்தில் அடுக்கி, சட்டத்துக்குள் பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் இடத்தைப் பார்த்து எண்ணை வைப்பேன். வேலை சீக்கிரம் முடியும். மேஸ்திரிக்குத் தெரியாது.

மிக்கேல் வாத்தியார் ஒரு மழை நாளில் இரண்டு நோட்டுப் புத்தகத்தை மடியில் சுற்றிக்கொண்டு வந்தார். இனயத்துக்காரர், அங்கே உள்ள பள்ளிக்கூடத்திலேயே வேலை. நடக்கும்போது வலது காலை ஒரு இழுப்பு இழுப்பார், பர்மாவில் பட்டது. கதையில் வரும் பதினோரு பேரில் அவரும் ஒருவர், கோலுக்கு முன்னால் பேக் நின்று ஆடியவர். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார். கோல் காத்த சூசையின் பெயரை மாற்றவில்லை. சூசை திரும்பி வராதவர்.

"மேஸ்திரி, ஒரு காரியம். ஒவ்வொரு பக்கமும் அதுக்குள்ளேயே முடியணும். பாதி வாக்கியத்தோட அடுத்த பக்கம் போகப்பிடாது. பிள்ளையளு எழுத்துக்கூட்டி வாசிக்கும். பக்கம் திருப்பும்ப ஒரு மூச்சு விடட்டு" என்றார் வாத்தியார்.

மேஸ்திரி தலையை ஆட்டினார். அவருக்குப் பிடித்துப்போயிற்று. "பெரிய எழுத்து. அருமனை கோர்ப்பான்" என்றார்.

அப்படித்தான் சூசை என் கைக்கு வந்தார். ஒரு எழுத்து, ஒரு எழுத்தாக. இனயத்து மணலில் பந்து அடிக்கும் பதினோரு பேர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தபோது பதினோரு பேரும் ஒன்றாகப் போய் வரிசையில் நிற்கிறார்கள். வடக்கே பயிற்சி. ஐம்பத்தேழாம் பக்கத்தில் லீவில் ஊருக்கு வந்து ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள். கடைசி நிமிசம், எதிராளி அடித்த பெனால்டியைச் சூசை பாய்ந்து பிடிக்கிறார், கரையே அவரைத் தோளில் தூக்குகிறது. அப்புறம் கப்பல், பர்மா, ஆறு. குண்டு விழுந்து படகு கவிழ்கிறது. சூசை நீந்திப் போய் ஒருவனைக் கொண்டுவருகிறார், இன்னொருவனைக் கொண்டுவருகிறார், மூன்றாவது தடவை போகிறார். மற்றவர்கள் கரையில் நிற்கிறார்கள். அது அறுபத்து மூன்றாம் பக்கம். அறுபத்து நாலாம் பக்கம் கடைசி: இனயத்துக் கடற்கரை. கோல் கம்பத்துக்கு நடுவில் ஆள் இல்லை. பந்து மட்டும் கிடக்கிறது. அலை வந்து பந்தைத் தொட்டுவிட்டுப் போகிறது.

ஆற்றுப் பக்கம் கோர்க்கும்போது எனக்குக் கை ஓடவில்லை. புரூப் பார்க்க வந்த வாத்தியாரிடம் கேட்டே விட்டேன்.

"சார், சூசை சாகணுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சாகடிக்கல்ல தங்கையா. ஆறுதான்."

இப்போது என் தப்புக்கு வருகிறேன். தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மிஷினில் ஒரு தாளின் ஒரு புறத்தில் நாலு பக்கம், மறுபுறத்தில் நாலு பக்கம் அச்சாகும். மடித்தால் எட்டுப் பக்கம். மடிப்பின் கணக்குப்படி அந்த எட்டில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் அச்சுக்கல்லில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். கடைசித் தாளில் அது ஐம்பத்தேழும் அறுபத்து நாலும். வாத்தியார் அந்த இரண்டு பக்கத்துக்கும் மேலே ஒரே படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்: இரண்டு கோல் கம்பம், பின்னால் கடல். ஆசாரி ஒரே மாதிரி இரண்டு மரக்கட்டை செதுக்கித் தந்தார். முதல் படத்தில் பிள்ளைகளுக்குச் சூசை ஞாபகம் வரணும், கடைசிப் படத்தில் அவர் இல்லாதது ஞாபகம் வரணும், அதுதான் வாத்தியாரின் எண்ணம்.

எண் இல்லாத இரண்டு பக்கம், தலையில் ஒரே படம். நான் வாசித்துப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்து எடுத்து வைத்தேன். அதை இங்கே, இதை அங்கே. பிறகு இடத்தைப் பார்த்து எண்ணை வைத்தேன். ஆகையால் எண் சரி, பக்கம் மாறிவிட்டது.

மேஸ்திரி வழக்கம்போல முதல் தாளை வாங்கி மடித்தார். எண்ணைப் பார்த்தார். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு... அறுபத்து நாலு. "ஓடட்டு" என்றார். ஐந்நூறு புத்தகமும் ஓடி முடிந்தது.

முதல் பிரதியைச் சூசையின் மனைவிக்குத்தான் கொடுப்பேன் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அவர் பெயர் ரோசம்மா, மீன் விற்பவர். வாசிக்கத் தெரியாது, அதனால் வாத்தியாரே போய் வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு. பள்ளிக்கூடத்துக்கான கட்டைச் சுமக்க நான் கூடப் போனேன். தேங்காய்ப்பட்டணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடந்தோம். வழியில் பையன்கள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கம்பம் நட்டிருக்கிறது, நடுவில் நிற்க ஆள் இல்லை.

"சார், கோல் காக்க ஆளு இல்லாம ஆடுதானுவ?"

"சூசைக்க எடம்ணு ஒருத்தனும் நிக்க மாட்டான். வீட்டுல விடவும் மாட்டாவ. அங்க நிண்ணவன் திரும்பி வரல்லியே. ஏழெட்டு வருசமா இப்படித்தான்."

ரோசம்மா வீட்டு முன்னால் நெத்திலி காயப்போட்டுக் கையில் கம்போடு காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். "வாசியும் மிக்கேலண்ணே, நான் கேட்டுட்டுதான் இருக்கேன். காக்கைக்கு உம்ம கதை தெரியாதுல்லா" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்து குந்தினார்கள். வாத்தியார் கதையின் முன்பகுதியைத் தானே சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கப்பல் ஏறுகிற பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பாவி மனுசன், ஐம்பத்தேழிலிருந்து வாசித்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பார்.

ஆறு வந்தது. ரோசம்மாவின் கம்பு நின்றுவிட்டது. ஒரு காக்கை இறங்கி மீனைத் தூக்கிக்கொண்டு போயிற்று, யாரும் விரட்டவில்லை. கரையில் மற்றவர்கள் நிற்கிறார்கள். சூசை வரவில்லை. வாத்தியார் பக்கத்தைத் திருப்பினார்.

"கரை முழுவதும் ஆள். கோல் கம்பத்துக்கு நடுவில் சூசை நின்றான். எதிரே பந்து..."

நின்றார். என்னைப் பார்த்தார். நான் கோர்த்த எழுத்து, முதல் சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கடலில் விழலாமா என்று இருந்தது.

"என்னா நிறுத்திட்டீரு?" ரோசம்மா எழுந்துவிட்டார். "பந்து வருதுல்லா? பிடிச்சாரா இல்லியா?"

"ரோசம்மா, இது..."

"பிடிச்சாரா இல்லியான்னு கேக்கேன்!"

"பிடிச்சான்" என்றார் வாத்தியார்.

"அப்ப அத வாசியும்."

வாசித்தார். சூசை வலப்பக்கம் பாய்ந்து பந்தைப் பிடித்தார். கரையே அவரைத் தோளில் தூக்கியது. புத்தகம் முடிந்தது. ரோசம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"வலப்பக்கமா? நல்ல ஆளுதான் நீரு! அவரு எடப்பக்கம்தான் சாடுவாரு. கூடவே ஆடினீரு, இது தெரியல்லியா?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "ரோசம்மா, அச்சில பக்கம் மாறிப்போச்சு. கதை இப்படி இல்ல. புத்தகத்த இஞ்ச தா, செரியாக்கிக் கொண்டுதாறேன்."

"அவரு செத்தது எனக்குத் தெரியாதா அண்ணே? தந்தி வந்த அண்ணைக்கு நெஞ்சுல அடிச்சு அழுதவ நான். ஒரு பிராவசியம் செத்தது போராதா? இதிலயும் கடைசியா சாகணுமா?" சொல்லிக்கொண்டே புத்தகத்தைக் கூடையின் அடியில் வைத்து, அதன்மேல் காய்ந்த நெத்திலியை அள்ளிப் போட்டார். "இனி மீன் நாத்தம் அடிக்கும். உமக்கு வேண்டாம்."

புத்தகக் கட்டைப் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு வாத்தியாரோடு தேங்காய்ப்பட்டணத்துக்குத் திரும்பி நடந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் கேட்டார். "வேணும்ணே செய்தியா?"

"இல்ல சார்."

"சூசை சாகணுமாண்ணு அண்ணைக்குக் கேட்டியே."

"கேட்டேன். ஆனா செய்யல்ல. தப்புதான் சார்."

வேண்டுமென்றே செய்தேன் என்று இன்றைக்கு நான் எழுதினால் மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. பெருமையும் கூடும். ஆனால் நடந்தது அதுவல்ல.

"புத்தகம் ஒண்ணும் வெளிய போகண்டாம்" என்றார் வாத்தியார். "கடைசித் தாள மாத்தி அடிக்கணும். நான் அந்த ஆத்தங்கரையில நிண்ணவன் தங்கையா. அவன் வரல்ல. வந்தான்னு நான் பிள்ளையளுக்குச் சொல்லப்பிடாது."

அச்சாபீசில் மேஸ்திரி ஒரு பிரதியை வாங்கிப் பின்னாலிருந்து இரண்டு பக்கம் வாசித்தார். அறுபத்து நாலு என்ற எண்ணின்மேல் விரலை வைத்தார்.

"நம்பர எப்ப வெச்சே?"

"கடைசியில மேஸ்திரி."

என் கையிலிருந்த ஸ்டிக்கை வாங்கினார். துணியால் துடைத்தார். சுவர் ஆணியில் மாட்டினார். "பேப்பர் வரட்டு. அதுவரைக்கும் மத்த எழுத்தப் பிரிச்சுப் போடு. தாள் மாத்தி அடிச்சு முடிஞ்சதும் அருமனை அருமனைக்குப் போவலாம்." மூன்று வருசம் ஏறிய படியிலிருந்து ஒரே நொடியில் கீழே விழுந்தேன். இனி ரப்பர் பால் வெட்டத்தான் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுத்தைப் பிரித்தேன்.

நாகர்கோவிலிலிருந்து காகிதம் வரப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. வந்த அன்று காலையில் மேஸ்திரியே இரண்டு பக்கத்தையும் சரியான இடத்தில் வைத்து, எண்ணை முதலில் வைத்து, சட்டத்தில் ஆப்பு அடித்துப் பூட்டினார். பளுகல்காரன் மிதிபலகையில் காலை வைத்துவிட்டான். அப்போது வாசலில் காலை இழுத்துக்கொண்டு வாத்தியார். பள்ளிக்கூட நாள், வகுப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"நிறுத்துங்க மேஸ்திரி."

பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார். ரோசம்மா கூடையிலிருந்த புத்தகம் அங்கேயே கிடக்கவில்லை. தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார்த்தி, எழுத்துக்கூட்டத் தெரிந்தவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரு நாள் அல்ல, தினமும். கடைசிப் பக்கம் வந்தால் மட்டும் 'வலப்பக்கம்' என்ற இடத்தில் நிறுத்தி, 'எடப்பக்கம்ணு வாசி மக்கா' என்பாராம்.

"நேத்து சாயங்காலம் மணல்ல ஆட்டம். நாலாம் வகுப்புப் பய ஒருத்தன், அவன்பாட்டுக்குப் போய்க் கம்பத்துக்கு நடுவுல நிக்கான். நான் பாத்துட்டே நிண்ணேன். அவன் அம்மையும் பாத்துட்டு நிண்ணா, தடுக்கல்ல. பந்து வந்துது. எடப்பக்கமாட்டே சாடினான் மேஸ்திரி! பந்து வலப்பக்கமாட்டுப் போச்சு, கோலும் விழுந்துது. எல்லாவனும் கெடந்து சிரிச்சானுவ. அவன் எழும்பி மண்ணத் தட்டிட்டு மறுபடியும் அங்கேயே நிண்ணான்."

மிஷின்காரன் காலை எடுத்துவிட்டான்.

"பிள்ளையளுக்கு உண்மைதான் சொல்லணும்ணு பிடிவாதமா இருந்தேன்" என்றார் வாத்தியார். "அறுபத்து மூணு பக்கம் உண்மையத்தான் சொல்லியிருக்கேன். அந்த எடம் இத்தன வருசம் வெறுமையாக் கெடந்ததும் உண்மை. இப்ப ஒருத்தன் நிக்கானே, அதும் உண்மைதானே? அம்பத்தேழுல வெறும் கம்பம் வந்தாலும் செரியாத்தான் இருக்கும், பயலுவ வடக்க பயிற்சிக்குப் போன நேரம்தானே. கடைசித் தாள் கெடக்கட்டு. அது அப்படியே இருக்கட்டு."

மேஸ்திரி மிஷினிலிருந்து சட்டத்தை இறக்கிக் கல்லில் வைத்தார். ஆப்பை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினார். சுவரிலிருந்து என் ஸ்டிக்கை எடுத்தார். கையில் தருவதற்கு முன்னால் அதை ஒரு நிமிசம் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நம்பர் முதல்ல."

அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் கோர்த்த எந்தப் பக்கத்துக்கும் எண்ணைக் கடைசியில் வைத்ததில்லை. எனக்கென்று அச்சாபீஸ் வந்தபிறகு என்னிடம் சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

ஐந்நூறு பிரதியும் போயிற்று. நம் ஜில்லா தமிழகத்தோடு சேர்ந்த வருசம் இரண்டாம் பதிப்பு வந்தது. அதையும் கோர்த்தது நான்தான். 'வலப்பக்கம்' என்பதை எடுத்துவிட்டு 'இடப்பக்கம்' என்று வைத்த கையும் இந்தக் கைதான். அப்போது வாத்தியார் கேட்டார்: "தங்கையா, உன் பேரையும் போடட்டா?" பக்கத்தில் மேஸ்திரி நின்றார். எழுத்துக் கோர்க்கிறவனின் பெயரைத் தப்பு வந்தால்தான் கேட்பார்கள், இல்லாவிட்டால் கேட்கமாட்டார்கள், அதுதான் அவனுக்கு மரியாதை என்பது அவர் கொள்கை. "வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டேன். அன்று அப்படிச் சொன்னது என் ஆயுசில் நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

ஆகையால் புதுப் பதிப்புப் போட்டவர்களுக்கு எழுதுகிறேன். உங்கள் காகிதம் நன்றாக இருக்கிறது, எழுத்துத் தெளிவாக இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். சூசையை ஆற்றில் இறக்கியது மிக்கேல் வாத்தியார். புத்தகத்தைக் கூடைக்குள் மறைத்து அதைக் காப்பாற்றியது ரோசம்மா. ஆற்றிலிருந்து சூசையை எடுத்து மறுபடி கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்தியது நான். தப்பாகத்தான் நிறுத்தினேன், ஆனால் நிறுத்தியவன் நான். உங்கள் முன்னுரைக்காரர் அந்த அரைப் பக்கப் புகழ்ச்சியைச் சரியான விலாசத்துக்கு மாற்றி எழுதட்டும். அடுத்த பதிப்பில் கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டால் போதும்: 'இந்தப் பக்கத்தை இங்கே வைத்தவன் அருமனை தங்கையன்.'

ஒன்று மட்டும் கவனம். அறுபத்து நாலு என்ற எண்ணை முதலில் வையுங்கள். அதற்குப் பிறகு என் பெயர்.